காலுக்கு எடுத்த ஆஞ்சியோ

டாக்டர் அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டிய அன்று, அவரைத் தவிர அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். சக்கர நாற்காலியில் நான். என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா. சுவரோரமாக அக்கா. கதவை ஒட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, அக்காவின் வீட்டுக்காரர் மூர்த்தி மாமா. அவருடைய ஆட்டோ நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றிருந்தது. அம்மா வரவில்லை. தொம்மலூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் துப்புரவு வேலை அவளுக்கு. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், கேட்கவில்லை. "போட்டோவ நான் எதுக்குப் பாக்கணும்? எம்புள்ள காலு எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்று சொன்ன என் கம்பெனி எச்.ஆர். ஆள் வரவில்லை. அந்தப் படத்தை எடுக்க விடாமல் மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தடித்தவர்களும் வரவில்லை. அவர்களை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

இப்போது உடம்பு தேறி வேலைக்குப் போகிறேன். எனக்கு நடந்ததை வரிசையாக எழுதி வைத்தால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்று அக்கா சொல்கிறாள். உதவினால் சரி. ஆறுதலாக எழுதச் சொன்னாள், அது என்னால் ஆகாது.

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மாநகராட்சிக் குப்பை லாரியில் லோடர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத்து வராது. அக்கா ஐந்தாவதோடு நின்றாள், நான் நிற்காமல் இருப்பதற்காக. பி.காம். முடித்து, பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை. கௌதம் என்று என் பெயர் அதில் அச்சடித்திருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, புத்தர் படத்துக்குக் கீழே வைத்தார். சாமிக்கு முன்னால் எதையும் வைத்துக் கும்பிடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அட்டை சில நாள் அங்கேதான் இருந்தது.

வலி வலது முழங்காலுக்குச் சற்று மேலே ஆரம்பித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போவதால் இருக்கும் என்று நினைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டேன். கம்பெனி டாக்டர் சுளுக்கு என்றார். நடக்கும்போது வரும் வலி உட்கார்ந்தால் போக வேண்டும். இது படுத்தால் கூடியது. பிறகு அந்த இடம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. அதற்கப்புறம்தான் எக்ஸ்ரே, அதைப் பார்த்தவர் எழுதிக் கொடுத்த சீட்டு, பெரிய மருத்துவமனை, எம்.ஆர்.ஐ. கடைசியில் பயாப்சி: தடித்த ஊசியை எலும்புக்குள் விட்டு ஒரு சின்னத் துண்டை எடுத்துச் சோதிப்பது. ஆஸ்டியோசார்கோமா என்று வந்தது. வேறெங்கோ தோன்றிப் பரவி வந்தது இல்லை, எலும்பிலேயே பிறக்கிற புற்றுநோய். பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கும் இளவயதுக்காரர்களுக்கும், அதுவும் முழங்காலை ஒட்டித்தான் வருமாம். அப்பா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, ரொம்ப நேரம் உட்கார்ந்து படித்ததால் வந்ததா என்பது. இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா நம்பினாரா தெரியவில்லை.

கீமோ நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வாந்தி, வாய்ப்புண், முடி. எனக்கு எந்த வாசனையும் ஆகவில்லை. அக்கா மிளகு ரசத்தைக்கூட ஆற வைத்து, மணம் அடங்கிய பிறகுதான் மூடியைத் திறப்பாள். அப்பா வேலை முடிந்து நேராக வந்தால் லாரி நாற்றம் அடிக்கும். அவர் வந்தபோது ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டேன் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து தலை ஈரத்தோடு, வேறு சட்டையில் வந்தார். எங்கேயோ ஒரு அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கெஞ்சி, அவன் குளியலறையில் குளித்துவிட்டு வருகிறார் என்று மாமா சொல்லித்தான் தெரியும்.

கீமோ சுற்றுகள் முடிந்ததும் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு கன்னடமும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். இரண்டு வழி இருக்கிறது என்றார். கட்டியோடு அந்த எலும்புத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த முட்டியை வைப்பது ஒன்று. அப்படிச் செய்தால் கால் கால்தான், நடக்கலாம், பஸ் ஏறலாம். இன்னொன்று, தொடையோடு எடுப்பது. எது என்பதை முட்டிக்குப் பின்னால் போகும் பெரிய ரத்தக்குழாய்தான் முடிவு செய்யும். முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்குக் கொழுப்பு தெரிந்தது. அந்த இடைவெளி இப்போதும் இருந்தால் காலைக் காப்பாற்றலாம். கட்டி குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தால் முடியாது. அதைப் பார்க்க ஒரு சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும், சீக்கிரம் எடுத்துவிட்டு வாருங்கள் என்றார். ஆக என் கால் அந்த ஒரு படத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் சந்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆஞ்சியோ என்றால் எங்கள் சந்தில் ஒரே அர்த்தம்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் செய்வது. அப்பாவோடு லாரியில் போன ஒருவருக்கு ஆஞ்சியோ என்றார்கள், மறுநாள் ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், ஆஞ்சியோன்னா ஹார்ட்டு. எல்.கே.ஜி. புள்ளைக்கும் தெரியும்" என்றார் மாமா. "காலுக்குப் போனவனுக்கு ஹார்ட்டு பாக்கறான்னா, ஒண்ணு பில்ல ஏத்தறான், இல்ல இன்னாவோ மறைக்கறான்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. மாமா சொன்ன இரண்டில் எது என்று அவருக்குப் புரியாததுதான் அவருடைய பயம்.

வெளியே எங்கள் சந்து தோண்டிக் கிடந்தது. இண்டர்நெட் கேபிள் போடுகிறவன் பள்ளம் எடுத்து, குடிதண்ணீர்க் குழாயை உடைத்து, சந்து முழுக்கத் தண்ணீர் இல்லை. நான் அதைக் காட்டினேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா, இவன் தோண்டுறதுக்கு முன்னாடி பைப்பு எங்க போவுதுன்னு பாத்திருந்தா உடைச்சிருப்பானா என்றேன். ஆஞ்சியோ என்றால் ரத்தக்குழாயைப் படம் எடுப்பது, அவ்வளவுதான். ஹார்ட்டில் இருக்கும் குழாயையும் எடுக்கலாம், காலில் இருப்பதையும் எடுக்கலாம். ஊசியில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள், அது குழாய்க்குள் போகும்போது ஸ்கேனில் குழாய் மட்டும் பளிச்சென்று தெரியும். கத்தி வைப்பதற்கு முன் எங்கே பைப்பு என்று பார்க்கிறார்கள்.

அப்பா வாசலுக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, "அப்ப நாளைக்கே எடுத்துரலாம்" என்றார். உள்ளே போய்ச் சீட்டுப் பணத்தை எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்கேனுக்கு எவ்வளவு என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரித்து வந்திருந்தார்.

மறுநாள் அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

இன்சூரன்ஸ் மேசையில் காவ்யா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். படத்தையும் ஆபரேஷனையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒப்புதல் வந்துவிடும், அட்டை இருக்கும்போது கையிலிருந்து எதற்குக் கட்ட வேண்டும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"சார், க்வெரி வந்திருக்கு. உங்களுக்கு எத்தனை வருஷமா ஹார்ட் ப்ராப்ளம்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். க்வெரி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பணம் கொடுப்பதற்கு முன் எழுப்பும் கேள்வி. அதற்குப் பதில் போகும்வரை ஃபைல் நகராது. எங்கள் பாலிசியில் இதய நோய்க்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி. நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆஞ்சியோ கேட்கிறான், அப்படியானால் இதய நோயாளி, வேலைக்குச் சேரும்போது மறைத்திருக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. கீமோவுக்குப் பணம் கொடுத்ததும் அவர்கள்தான். பயாப்சி ரிப்போர்ட் அதே ஃபைலில் இருக்கிறது.

"சிஸ்டத்துல ஆஞ்சியோன்னு போட்டாலே கார்டியாக்லதான் போய் உக்காருது சார். நான் இன்னா பண்றது" என்றாள் காவ்யா. அவளைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். இது காலின் ரத்தக்குழாய், புற்றுநோய் ஆபரேஷனுக்காக, அவசரம் என்று தெளிவாக எழுதியிருந்தார். அனுப்பினோம். ஒரு வாரம் பதில் இல்லை. நான் போன் செய்தால் ஒரு இசை ஓடும், பிறகு ஒருவர் வருவார், ஒவ்வொரு முறையும் வேறொருவர். எல்லோரும் என்னை சார் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். எனக்கு வந்த ஆங்கிலத்தையெல்லாம் சேர்த்து ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டில் இப்படிப் பேச வேண்டிய இடத்துக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவார்கள். படித்தவன் போனால் வேலை முடியும் என்று நம்பிக்கை.

மாமாதான் பொறுக்காமல் ஒருநாள் மேசைக்கு வந்துவிட்டார். வெளியே ஸ்கேன் சென்டரில் இன்றைக்கே எடுக்கிறோம், காசு எங்க மாமனார் பாக்கெட்டில் இருக்கிறது, இன்னா தொந்தரவு என்று கேட்டார். வெளியே எடுத்த படத்தை இந்த ஃபைலில் சேர்க்க மாட்டார்கள் என்றாள் அவள். இங்கேயே கையில் கட்டி எடுத்தால், விண்ணப்பத்தை நாமே திரும்ப வாங்கிக்கொண்டதாகப் பதிவாகி ஆபரேஷனுக்கும் மூடிவிடுவார்கள். புதிதாகப் போட்டால் முதலிலிருந்து. ஆபரேஷனும் உலோக முட்டியும் சேர்ந்தால் அப்பாவின் பாக்கெட்டில் இருந்ததைப் போல நாற்பது மடங்கு ஆகும். "ஸ்வல்ப வெயிட் பண்ணுங்கண்ணா" என்றாள் மாமாவிடம். மாமா ஆட்டோவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த க்வெரி வந்தது. எனக்கு இதய நோய் இல்லை என்று இதய மருத்துவர் சான்றிதழ் வேண்டும்.

ஆகவே கால் வீங்கிய நான் கார்டியாலஜி வாசலில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். சுற்றிலும் வயதானவர்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், இந்த வயசுலயா தம்பி என்று கவலையாகக் கேட்டார். எனக்கு இதயத்தில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். அந்த டாக்டர் பார்த்துவிட்டு, "ஹார்ட் பர்ஸ்ட் கிளாஸா இருக்கு. யார் உங்களை இங்கே அனுப்பினது?" என்றார்.

அப்பா அன்று வேலை முடித்து வந்து, என்னை கார்டியாலஜி வாசலில் பார்த்துவிட்டார். தூரத்திலேயே நின்றார், கிட்டே வரவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனார். அக்காதான் அவரிடம் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "டேய், ஹார்ட்டும் போச்சு, நீ சொல்லாம மறைக்கறேன்னு அழுதுக்கினு கீறாரு. பைப்பு கதை சொல்லி ஏமாத்திட்டான்றாரு." நான் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, அவரால் அதைப் படிக்க முடியாது. வாயால் சொன்னேன். படித்த மகன் சொன்னான் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒப்புதல் ஒருவழியாக வந்தது. படம் எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் படுத்தும் என்பதால் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை. முழங்கையில் ஊசி. உள்ளே சூடாகப் பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும், போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று டெக்னீஷியன் சொன்னார். அப்படியேதான் இருந்தது. மேசை உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சை அடக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். முடிந்தது. இதற்காகத்தானா என்று இருந்தது.

அந்தப் படத்தைத்தான் டாக்டர் எங்கள் முன்னால் போட்டார். எலும்பு வெள்ளையாக, ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரிந்தது. முதலில் நல்ல காலைக் காட்டினார். குழாய் தொடையிலிருந்து நேராக இறங்கி, முட்டிக்குப் பின்னால் லேசாக வளைந்து, கீழே கிளை பிரிந்து போனது. அழகாகக்கூட இருந்தது. பிறகு வலது கால். எங்கள் சந்து முனையில் ஒரு கரண்ட் கம்பம் இருக்கிறது, யார் யாரோ கொக்கி போட்டு இழுத்த ஒயரெல்லாம் பந்தாகச் சுருண்டு தொங்கும். முட்டிக்கு மேலே அப்படி ஒரு சிவப்புப் பந்து. கட்டி வளர்வதற்குத் தனக்கென்று புதுக் குழாய்களை இழுத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். நடுவே பெரிய குழாய் கட்டிக்குள் நுழையும் இடத்தில் நசுங்கி, யாரோ முஷ்டிக்குள் பிடித்த கயிறு மாதிரி மெலிந்து, கீழே மறுபடி வெளியே வந்தது. தாள் கனத்து இடைவெளி எங்கேயும் இல்லை.

அப்பா படத்துக்குக் கிட்டே போனார்.

"அந்த பைப்ப மாத்த முடியாதா சார்?"

சில பேருக்கு மாற்றலாம் என்றார் டாக்டர். காலின் பெரிய நரம்பும் அந்தப் பிடிக்குள் போய்விட்டது, இரண்டையும் வெட்டிவிட்டுக் காலை வைத்தால் உணர்வில்லாத பாதம்தான் மிஞ்சும், கட்டியும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும் என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்வல்ப லேட் ஆய்த்து" என்றார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பெங்களூரில் பஸ்ஸுக்கும் பால்காரனுக்கும் சொல்கிற சொல். அறையில் எல்லோருக்கும் புரிந்தது.

"அன்னைக்கே எடுத்திருந்தா கால் இருந்திருக்குமா சார்?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. "அன்னைக்கே சுத்தியிருந்திருக்கலாம். சுத்தாமலும் இருந்திருக்கலாம். அன்னைக்குப் படம் எடுக்கலையே, நான் எதைப் பார்த்துச் சொல்றது?"

அந்தப் பதிலோடுதான் நாங்கள் இருக்கிறோம். யார் மேலாவது பழியைப் போடலாம் என்றால் ஆதாரமாக ஒரு படம் வேண்டும். அந்தப் படம் இல்லை என்பதுதான் பழியே.

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா வெளியே போனார். போலீஸ்காரன் ஆட்டோவைத் தூக்கப் பார்த்திருக்கிறான், அவனோடு போட்ட சண்டை மூன்றாம் மாடிவரை கேட்டது. நல்ல வேளை, யாருடனாவது சண்டை போட அவருக்கு ஒரு ஆள் கிடைத்தான். சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து நேராக, என்னைச் சேர்த்திருந்த வார்டுக்கு வந்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, என் வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நகம் வெட்டினாள்.

காலை எடுப்பதற்கான ஒப்புதல் விண்ணப்பித்த அன்று மாலையே வந்தது. க்வெரி எதுவும் இல்லை. உலோக முட்டியைவிட அது செலவு குறைவு என்று காவ்யா சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டாள்.

ஆபரேஷன், அதற்குப் பின் மீதிக் கீமோ, காயம் ஆறிய பிறகு செயற்கைக் கால், விழுந்து எழுந்து நடை பழகியது எல்லாம் முடிந்தது. பொம்மனஹள்ளியில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மார்பு ஸ்கேன் இதுவரை சுத்தமாக வருகிறது. இல்லாத பாதத்தில் சுண்டுவிரல் சில சமயம் அரிக்கும்.

இதைப் படிக்கிற யாருக்காவது கையிலோ காலிலோ எலும்புக் கட்டிக்காக ஆஞ்சியோ என்று சொன்னால் பயப்படாதீர்கள். இதயத்தைத் தொட மாட்டார்கள். ஆனால் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எந்த உறுப்பின் குழாய், எதற்காக என்று டாக்டரை எழுத வையுங்கள். படத்தையும் ஆபரேஷனையும் ஒரே விண்ணப்பத்தில் போட விடாதீர்கள். தனித்தனியாகப் போடச் சொல்லிச் சண்டை போடுங்கள். எங்களுக்கு இது யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று கணக்கு முடிக்க அப்பாவும் நானும் மேசைக்குப் போனோம். எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. அறை வாடகை, மயக்க மருந்து, ஆபரேஷன், தையல், பஞ்சுவரை. ஒன்றை மட்டும் நிராகரித்திருந்தார்கள். ஆஞ்சியோகிராம் வெறும் பரிசோதனை, சிகிச்சை அல்ல, ஆகவே அதை நோயாளிதான் கட்ட வேண்டும் என்று கடைசியில் முடிவு செய்திருந்தார்கள்.

நான் காவ்யாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள். அப்பா என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஆஞ்சியோ எடுக்கச் சொன்ன அன்று சாயங்காலம் போட்ட அதே ரப்பர் பேண்டைக் கழற்றினார். ஒரு நோட்டுகூடக் குறையவில்லை, கூடவும் இல்லை. பதினோராயிரத்து நானூறு ரூபாய்.